செவ்வாய்க்கிழமைச் சோறு

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் சரி, இடுப்பளவு தண்ணீரில் நின்று சொல்லச் சொன்னாலும் சரி, அலசூர் ஏரியில் அந்த அளவுக்குத் தண்ணீர் இருக்கிற மாதமாகப் பார்த்துச் சொல்லி அனுப்பினால் போதும். கதைக்குரியவன் சேஷகிரி. அவன் வாயாலேயே சொன்னது இது. பெங்களூரில் ஒரு காலேஜில் காமர்ஸ் வாத்தியாராகச் சேர்ந்ததிலிருந்து வருஷா வருஷம் ஜூன் மாதம், புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிற பையன்களுக்கு முதல் வகுப்பில் இதைத்தான் சொல்லிவருகிறான். பற்று வரவு பாடம் என்று அவர்கள் நோட்டைத் திறந்து வைத்திருப்பார்கள். சேஷகிரி கரும்பலகையில் ‘நாற்பது ரூபாய்’ என்று எழுதிவிட்டு, “அப்பா அனுப்பற இதை மாசக் கடைசி வரைக்கும் எப்படிக் கொண்டுபோறது? அதைத் தெரிஞ்சுண்டா மத்த கணக்கெல்லாம் தானா வரும்” என்பான். பிறகு தன் கதையை ஆரம்பிப்பான். எந்த வருஷமும் அதில் ஒரு வாழைக்காய் கூடினதும் இல்லை, ஒரு வாழைக்காய் குறைந்ததும் இல்லை. பொய் சொல்கிறவனால் அது முடிகிற காரியமா?

நாற்பத்தொன்பதாம் வருஷம். சேஷகிரி கோலார் தங்கவயலிலிருந்து படிக்க வந்தவன். அப்பா வெங்கடசுப்ரமணியன் அங்கே சுரங்கத்து ஸ்டோரில் குமாஸ்தா. மண்வெட்டி, கடப்பாரை, மெழுகுவர்த்தி எல்லாம் அவர் கையெழுத்து இல்லாமல் பூமிக்குக் கீழே போகாது. மாசா மாசம் நாற்பது ரூபாய் மணியார்டர் வரும். இருபத்திரண்டு ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு, ஐந்து அறைக்கு, மிச்சத்தில் மற்றதெல்லாம். மணியார்டர் துண்டில் அப்பா எப்போதும் ஒரே மாதிரிதான் எழுதுவார்: உடம்பைப் பார்த்துக்கொள், வீண் செலவு வேண்டாம். சேஷகிரி முன்னதை விட்டுவிட்டுப் பின்னதைப் பிடித்துக்கொண்டான்.

சிக்கனம் சிலருக்குச் சொறி மாதிரி. சொறியச் சொறியச் சுகமாக இருக்கும். சேஷகிரி முதலில் சோப்பை நூலால் நாலாக அறுத்தான். அப்புறம் தீக்குச்சியைப் பிளேடால் இரண்டாகப் பிளந்தான். அந்தப் பிளேடும் அவனுடையது இல்லை. கூடப் படித்த யூஜின் தூக்கிப்போட்டது. அதைக் கண்ணாடி டம்ளருக்குள் தேய்த்துத் தேய்த்து மூன்று மாதம் முகம் வழித்தான். நோட்டுப் புத்தகத்தில் முதலில் பென்சிலால் எழுதுவான், ஆறு மாசம் கழித்து அதன் மேலேயே மசியால் வேறு பாடம் எழுதுவான். செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்து, காலேஜ் கேட்டில் மாட்டிக்கொள்வான். அவன் அறையிலிருந்த மூட்டைப்பூச்சிகள் பிழைக்க வழியில்லாமல் ஆவணி மாதம் அடுத்த அறைக்குக் குடிபோனதை ஹாஸ்டல் முழுக்கப் பார்த்திருக்கிறது.

இதெல்லாம் அணாக் கணக்கு. கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது மெஸ்ஸுக்குக் கட்டுகிற அந்த இருபத்திரண்டு. அதற்கு வழி ஊரிலேயே இருந்தது. ஏழைப் பிராமணப் பையன் படிக்க வந்தால் கிழமைக்கு ஒரு வீடு என்று ஏழு வீட்டில் சாப்பிட்டுக்கொள்ளலாம். கன்னடத்தில் வாரான்னம் என்பார்கள், நம்மவர்கள் வாரச் சாப்பாடு என்பார்கள். கேட்பதில் வெட்கமில்லை, போடுவதில் பெருமையுமில்லை. ஒரு நிபந்தனைதான், பையன் நிஜமாகவே ஏழையாக இருக்கவேண்டும். சேஷகிரி, அப்பாவுக்கு வருமானம் போதவில்லை என்று சொல்லி ஆறு வீடு பிடித்துவிட்டான். யாருக்குத்தான் வருமானம் போதுகிறது? அதனால் அது பெரிய பொய்யாக அவனுக்குப் படவில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் காலியாக இருந்தது. அன்றைக்கு வேர்க்கடலையைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

மல்லேசுவரத்தில், ஒரே முற்றத்தைச் சுற்றி எட்டுக் குடித்தனம் இருக்கிற இடத்தில், குழாயடிக்குப் பக்கத்து வீடு வைத்தீஸ்வரனுடையது. சர்வே இலாகாவில் இருந்து ரிடயர் ஆனவர். மைசூர் ராஜ்யத்தைச் சங்கிலி போட்டு அளந்து அளந்து எழுதினவர், தனக்கென்று ஒரு முழம் வாங்கவில்லை. பென்ஷன் பத்தாமல் மனைவி பாகீரதி அப்பளம் இட்டு விற்றாள். ஒரே மகள் பாமா, பதினேழு வயது, அப்பளத்தை வெயிலில் காயப்போட்டுக் காக்காய் ஓட்டிக்கொண்டே டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆடிக் காற்றில் வேட்டி படபடக்க சேஷகிரி போய் நின்றபோது வைத்தீஸ்வரன் இழுத்தாற்போலத்தான் பேசினார். ரேஷன் காலம். தலைக்கு இத்தனை அவுன்ஸ் என்று அளந்துதான் அரிசி, அதிலும் பாதிக்கு ராகி. தங்களுக்கே எட்டவில்லை என்றார். “அப்பா இருக்கற பையன்னா அவர் போடறதைச் சாப்பிட்டுக்கலாமேப்பா” என்றார்.

சேஷகிரிக்கு வயிற்றில் வேர்க்கடலை நினைவு வந்தது.

“அப்பா போயிட்டார் மாமா. ஸ்டோர் சாமானைக் கணக்குப் பார்க்கக் கீழே இறங்கினார். பாறை சரிஞ்சுடுத்து.”

உள்ளே அப்பளக் குழவியின் சத்தம் நின்றது. பாகீரதி மாவுக் கையோடு நிலைப்படிக்கு வந்தாள்.

“என்னிக்குடா கொழந்தே?”

நடந்துகொண்டிருந்தது ஆடி. எவ்வளவு தூரம் தள்ளிச் சொல்லலாம் என்று யோசித்து, தை மாதம் என்றான். திதி கேட்டாள். தேய்பிறைப் பஞ்சமி என்றான். பஞ்சமி எப்படி வாயில் வந்தது என்று தனக்கே தெரியாது என்பான் பின்னாளில்.

பாகீரதி வைத்தீஸ்வரனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். “செவ்வாக்கிழமை வா” என்றாள். காக்காய் ஓட்டிக்கொண்டிருந்த பாமா தலையைத் திருப்பாமலே, “அப்பா போன பையன் காலருக்குக் கஞ்சி போட்டுண்டிருக்கானே அம்மா” என்றாள். பாகீரதி கன்னடத்தில், சும்னே இரு என்று அதட்டினாள். மறுவாரத்திலிருந்து சேஷகிரி சட்டைக்குக் கஞ்சி போடுவதை நிறுத்தினான். அதிலும் மாசம் ஓரணா மிச்சம்.

பாகீரதி வீட்டு அடுப்பு மரத்தூள் அடுப்பு. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டி, குழவியின் அடியால் இடித்து இடித்து இறுக்குவாள். பாட்டிலைத் திருகி எடுத்தால் நடுவில் கிணறு மாதிரி ஓட்டை நிற்கும். சரியாக இடித்தால் ஒரு வேளைச் சமையல் முழுக்கப் புகையாமல் எரியும். கை அவசரப்பட்டால் பாதியில் சரிந்து வீடெல்லாம் புகை. செவ்வாய்க்கிழமைகளில் சேஷகிரி சீக்கிரம் போய் அடுப்பை இடித்துக் கொடுப்பான். சோறு இறங்குவதற்குள் வெளியே தூறல் பிடித்துக்கொள்ளும், காயப்போட்ட அப்பளத்தை நாலு பேருமாக உள்ளே அள்ளுவார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். ரசம் அவ்வளவு தெளிவு. ஒரு நாள் அதில் முகம் பார்த்து வகிட்டைச் சரிசெய்துகொண்டிருக்கிறான். சாம்பாரில் பருப்பு தென்பட்டால் அன்றைக்குப் பண்டிகை. ஆனால் சோறு மட்டும் இலை நிறைய. கையால் மறித்தாலும் பாகீரதி, இன்னும் ஸ்வல்பம் என்று போட்டுவிடுவாள். அவர்கள் மூவரும் அவனோடு உட்கார்ந்ததில்லை. மாமாவுக்கு முருகனுக்காகச் செவ்வாய் விரதம் என்றாள். தனக்குத் துர்க்கைக்காக. பாமாவுக்கு ஜாதகத்தில் செவ்வாய் தோஷம், அதற்காக. எவ்வளவு பக்தியான குடும்பம் என்று நினைத்துக்கொண்டு சேஷகிரி மோரை ஊற்றிப் பிசைந்தான்.

அவனுக்கு அந்த வீட்டில் மிகவும் பிடித்தது ஒரு பித்தளைத் தவலை. பாகீரதி உலைக்கு அரிசி அளந்தவுடன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தவலையில் போட்டுத் தட்டால் மூடுவாள். ஒவ்வொரு வேளையும். சேமிப்பென்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும், கைக்கும் தெரியாமல் வயிற்றுக்கும் தெரியாமல் என்று மெச்சி, லிங்கராஜபுரத்திலிருந்து வருகிற யூஜினிடம் போய்ச் சொன்னான்.

யூஜினுக்கு அவனுடைய சேமிப்பெல்லாம் தெரியும். லிங்கராஜபுரத்தில் யூஜினின் மாமா சைக்கிள் கடை வைத்திருந்தார். அங்கே பச்சை வர்ணம் அடித்த பழைய சைக்கிள் ஒன்று நூற்று முப்பத்தைந்து ரூபாய்க்கு நின்றுகொண்டிருந்தது. ஏழு வீட்டுக்கும் நடந்து நடந்து பசி அதிகமாகி, அதனாலேயே ஏழு வீட்டிலும் அதிகம் சாப்பிட வேண்டியிருக்கிறது, சைக்கிள் இருந்தால் அந்தப் பசி மிச்சம் என்பது சேஷகிரியின் கணக்கு. அப்பாவைக் கொன்ற சமாசாரமும் யூஜினுக்குத் தெரியும். “இருபத்திரண்டு ரூபாய்க்கு அப்பாவக் கொன்னவன் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான் மேன். மத்தவங்கெல்லாம் இன்னும் கொஞ்சம் கேப்பாங்க” என்று மட்டும் சொன்னான்.

மார்கழி மூடுபனி போய்த் தை வந்தது. குடியரசு என்று தெருவெல்லாம் கட்டின காகிதக் கொடிகள் பனியில் நனைந்து சாயம் இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தன. சந்தையெல்லாம் அவரைக்காய் வாசனை. சேஷகிரியிடம் நூற்று இருபத்து மூன்று சேர்ந்துவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது பாகீரதி, அடுத்த செவ்வாய் வெறும் வயிற்றோடு வரச் சொன்னாள். முதல் நாள் ராத்திரி சாதம் கூடாது, பலகாரத்தோடு நிறுத்திக்கொள்ளவேண்டும்.

“என்ன மாமி விசேஷம்?”

“பஞ்சமிடா. உங்கப்பா தெவசம்.”

சேஷகிரியின் கையிலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஊரில் சித்தப்பா பண்ணிவிடுவார் என்றான். பிள்ளை குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது சித்தப்பா எதற்கு என்றாள். கோயிலில் ஒரு அர்ச்சனை போதும் என்றான். அர்ச்சனையை உங்கப்பா சாப்பிடுவாரா என்றாள். கையில் பணமில்லை என்றான்.

“உன்னைப் பணம் கேட்டாளா யாராவது?” என்று சொல்லிக்கொண்டே பாகீரதி தவலையின் தட்டைத் தூக்கினாள். விளிம்பு வரை அரிசி. “ஆடி மாசம் நீ சொன்னியே, அன்னி ராத்திரியே ஆரம்பிச்சேன். ரெண்டு பிராமணாளுக்குச் சோறு போடணும், வாத்தியாருக்குத் தட்டுல வைக்கணும். ரேஷன்ல தெவசத்துக்குன்னு தனியாவா குடுக்கறான்? ஒரு பிடி ஒரு பிடியாச் சேர்ந்தாச்சு. உளுந்து இருக்கு, எள்ளு இருக்கு. மாமா நெய்க்குச் சொல்லியிருக்கார். நீ வந்து பேர் சொன்னா போறும்.”

வைத்தீஸ்வரன் கூடத்திலிருந்தபடியே, வாத்தியாரிடம் பேசியாகிவிட்டது என்றும், பத்தரை மணிக்குள் வந்துவிடுவார் என்றும் சொன்னார். நிலத்தை அளந்து கல் நட்டவர் குரலாக இருந்தது.

குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பாமாவைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டும். அவள் நிமிரவில்லை. “அம்மா ஆறு மாசமா ராத்திரி ராகிக் கஞ்சிதான் குடிக்கறா. செவ்வாக்கிழமை எங்க மூணு பேருக்குமே அதுதான். விரதம்னு உனக்குச் சொன்னாளோன்னோ? விரதம்தான். உங்கப்பா பேர்ல” என்றாள்.

சேஷகிரி அன்று செருப்பைக் கக்கத்தில் வைத்துக்கொள்ள மறந்துபோய்க் காலில் போட்டுக்கொண்டு நடந்தான். யூஜின் விஷயத்தைக் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரிக்கவில்லை. அது அவனுக்கு வழக்கமில்லாதது. உயிரோடு இருக்கிற அப்பாவுக்குத் தெவசம் பண்ணினால் என்ன ஆகும் என்று விசாரித்தான். தங்கள் மாதா கோயிலில் செத்தவர்களுக்குப் பூசை வைப்பதுண்டு, இருக்கிறவர்களுக்கு வைத்தால் என்ன ஆகும் என்று சாமியாரைத்தான் கேட்கவேண்டும் என்றான். கடைசியில், “நீ மொதல்ல ஊருக்குப் போய் அவரப் பாத்துட்டு வா மேன். இருக்காரான்னு” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சேஷகிரி போக வர டிக்கெட்டுக்கு மூன்று ரூபாய் கொடுத்து ரயில் ஏறினான். பௌரிங்பேட்டையில் வண்டி மாறி மாரிகுப்பத்தில் இறங்கினான். சுரங்கத்து மண்மேடுகள் வெயிலில் வெள்ளையாகக் கண் கூசின. காற்றில் வருகிற அந்த மண்ணின் தூள் மாவு மாதிரி கொடியில் காய்கிற துணியிலெல்லாம் படிந்திருந்தது. அம்மா கதவைத் திறந்தாள். நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். அதை நிமிர்ந்து பார்க்க அவனுக்குக் கூசியது.

அப்பா வெங்கடசுப்ரமணியன் கூடத்தில் உட்கார்ந்து சட்டைக் கையைத் தானே தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைப் பல்லால் கடித்துக்கொண்டே சிரித்தார். சாப்பிட உட்கார்ந்ததும் விசாரணை ஆரம்பித்தது.

“மெஸ்ல நெய் ஊத்தறானா?”

“ஊத்தறான்.”

“எத்தனை ஸ்பூன்?”

“ரெண்டு.”

“பொய். கழுத்தெலும்புல துணி காயப்போடலாம் போலருக்கே.” அவர் தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவன் இலையில் வைத்தார். “நானும் பாக்கறேன், ஒரு லெட்டர்லயாவது இன்னும் அஞ்சு ரூபா அனுப்புன்னு கேக்க மாட்டியா? எல்லார் பிள்ளையும் கேக்கறான். ஸ்டோர்ல நாலு பேர் பெருமையாச் சொல்லிக்கறான். எனக்குச் சொல்லிக்க ஒண்ணுமே இல்லை.”

சேஷகிரி அப்பளத்தை ஒடித்தான். மல்லேசுவரத்து வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரியே இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அம்மா மோர் ஊற்றினாள். மூடிக்கொண்டான்.

சாயங்காலம் அப்பா ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தார். வழியில் வேர்க்கடலை வாங்கிப் பொட்டலத்தை அவன் சட்டைப் பையில் திணித்தார். வண்டி நகரப்போகிற சமயத்தில் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை நாலாக மடித்துக் கையில் வைத்து அழுத்தினார். ஏது என்று கேட்டான். “மூக்குப்பொடியை விட்டுட்டேன். தும்மல் மிச்சம். பால் வாங்கிக் குடி” என்றார். வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்தார். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்றார். வண்டி வளைகிற வரைக்கும் கையைத் தூக்கினபடியே நின்றுகொண்டிருந்தார். வகுப்பில் இந்த இடம் வரும்போது சேஷகிரி ஒவ்வொரு வருஷமும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். வெளியே மைதானத்தில் அப்போது ஒன்றும் நடந்துகொண்டிருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை. கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. ‘அப்பா இருக்கார்’ என்ற வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். முற்றத்துக் குழாயில் குளிக்கச் சொன்னார்கள். குளித்தான். பல் கிடுகிடுத்ததில் சொல்லவந்தது கலைந்துபோயிற்று. ஈர வேட்டியோடு உள்ளே போனால் வீடு அடையாளம் தெரியவில்லை. மரத்தூள் அடுப்பு இரண்டு எரிந்தன, ஒன்று பக்கத்துக் குடித்தனத்தில் இரவல் வாங்கினது. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், அவரைக்காய், எள்ளுருண்டை, வடை. ஆறு மாதத்தில் அந்த வீட்டில் அவன் பார்த்திராத நெய் வாசனை. பாகீரதி ஈரப் புடவையோடு புகையில் கண்ணைத் துடைத்துத் துடைத்து வடை தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பிராமணர்கள் முதல் நாள் ராத்திரியே வயிற்றைக் காலியாக்கிக்கொண்டு வந்து பலகையில் உட்கார்ந்திருந்தார்கள்.

வைத்தீஸ்வரன் ஒரு ஓரமாக நின்றார். அவர் கையில் எப்போதும் கட்டியிருக்கிற கடிகாரம் இல்லை. கட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. நெய் எங்கிருந்து வந்தது என்று சேஷகிரிக்குப் புரிந்தது.

வாத்தியார் அவன் விரலில் தர்ப்பைப் பவித்திரத்தைப் போட்டார். எள்ளும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கோத்திரம் கேட்டார். சொன்னான்.

“அப்பா பேரைச் சொல்லு.”

சேஷகிரி கையிலிருந்த எள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். வாத்தியார் துக்கம் என்று நினைத்துச் சற்றுப் பொறுத்தார். மறுபடி கேட்டார். சேஷகிரியின் கண்ணுக்குள் பிளாட்பார முனையில் ஒரு கை தூக்கினபடியே நின்றது. பெயரைச் சொன்னால் அந்தக் கை இறங்கிவிடும் என்று பட்டது.

“வெட்கப்படாதேப்பா, எல்லாருக்கும் இருக்கறதுதான். தகப்பனார் பேர்?”

“அப்பா இருக்கார்” என்றான் சேஷகிரி.

வாத்தியார் கையிலிருந்த தர்ப்பையைச் சுட்டுவிட்டாற்போலக் கீழே வைத்தார். வைத்தீஸ்வரன் பக்கம் திரும்பி, உயிரோடு நடமாடுகிறவருக்கா என்னைக் கூப்பிட்டீர் என்று கேட்டார். தனக்கும் பிள்ளைகுட்டி உண்டு, இந்தப் பாவத்தில் பங்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கினார். பிராமணர்கள் இருவரும் எழுந்தார்கள். இளையவர் நிலைப்படி தாண்டுகிற வரைக்கும் வடைத் தட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வைத்தீஸ்வரன் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டார்.

“எங்க இருக்கார்?”

“தங்கவயல்ல.”

“சௌக்கியமா?”

“சௌக்கியமா இருக்கார் மாமா.”

அவர் தலையை ஆட்டினார். வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பாகீரதி கரண்டியோடு வந்து நின்றாள்.

“நிஜமாவா? பாறை சரியலையா?”

“சரியலை மாமி.”

“நல்லவேளை” என்றாள் அவள். ஈரத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகைக்காகத் துடைத்தாளோ என்னவோ. “அவர் நன்னா இருக்கணும்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்பான் சேஷகிரி. கரண்டியால் ஒன்று போட்டிருந்தால் இன்னும் சந்தோஷமாகத் தாங்கியிருப்பானாம். அந்த நல்லவேளை இன்றைக்கும் ஜீரணமாகவில்லை என்பான்.

அவன் எழுந்து போகப் பார்த்தான். பாகீரதி வழிமறித்துப் பலகையைக் காட்டினாள். பித்ருக்களுக்கென்று ஆக்கினதை யாரும் தொடக் கூடாது. இருக்கிறவருக்கென்று ஆக்கினதாக மனசை மாற்றிக்கொண்டாயிற்று, அவருக்குப் பதில் அவர் பிள்ளை சாப்பிடட்டும் என்றாள். இலை போட்டாள். வாழைக்காயிலிருந்து எள்ளுருண்டை வரைக்கும் ஒன்றுவிடாமல் பரிமாறினாள். சோற்றை மலையாகக் குவித்து, அதன் தலையில் வைத்தீஸ்வரனின் கடிகாரத்தை உருக்கி ஊற்றினாற்போல நெய்யை ஊற்றினாள். சேஷகிரி சாப்பிட்டான். ஒவ்வொரு கவளமும் ஒரு பிடி. யார் வயிற்றிலிருந்து எந்த ராத்திரி எடுத்தது என்று ஒவ்வொரு பிடியும் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கிற்று. சத்தியமாக அன்றைக்கு அவன் எடை பத்துப் பவுண்டு குறைந்தது.

பாமா தண்ணீர் வைக்க வந்தாள். “இன்னிக்கு எங்களுக்கும் அரிசிச் சாதம்தான். எல்லாம் உங்கப்பா புண்ணியம்” என்றாள்.

புறப்படும்போது கூடத்தில் யாரும் இல்லாத சமயம் பார்த்து, சைக்கிளுக்கென்று வைத்திருந்த நூற்று முப்பது ரூபாயைக் காலித் தவலையில் போட்டுத் தட்டால் மூடிவிட்டு வந்தான்.

மறு செவ்வாய்க்கிழமை போகாமல் இருந்துவிடத்தான் நினைத்தான். கால் தானாகப் போயிற்று. ஒன்றும் நடக்காதது மாதிரி இலை போட்டார்கள். பாகீரதி உப்பு வைத்தாள். கறி வைக்கிற இடத்தில் நோட்டுகளை மடித்து வைத்தாள். எல்லாம் அப்படியே இருந்தன, அப்பாவின் பத்து ரூபாயும் சேர்த்து. அதையும் அவன் அந்த நோட்டுக் கட்டோடுதான் சேர்த்து வைத்திருந்தான்.

வைத்தீஸ்வரன் குரலை உயர்த்தவில்லை. “இது ஓட்டல் இல்லைப்பா. காசு குடுத்துச் சாப்பிடணும்னா சர்க்கிள்ல ரெண்டு இருக்கு, நன்னாவே இருக்கும். வாரப் பையன்கிட்டக் காசு வாங்கினா, இத்தனை நாள் இவ ராகி குடிச்சதுக்கு என்ன பேரு?”

சேஷகிரி, இனிமேல் தான் இங்கே வருவது நியாயமில்லை என்றான். மெஸ்ஸில் சேர்ந்துவிட்டதாகவும், மற்ற ஆறு வீட்டுக்கும் போய் உண்மையைச் சொல்லிவிட்டதாகவும் சொன்னான். நாலு வீட்டில் திட்டினார்கள், ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள், வக்கீல் வீட்டில் மட்டும் பொய்யை இன்னும் கொஞ்சம் ஜோடித்துச் சொல்லியிருக்கலாம் என்றார்களாம்.

“மத்தவா வீட்டை விடு” என்றாள் பாகீரதி. “இங்க செவ்வாக்கிழமை வந்துண்டிரு. நீ இப்ப நின்னுட்டா, நாங்க பொய்க்குத்தான் சோறு போட்டோம்னு ஆயிடும்.”

அதனால் படிப்பு முடிகிற வரைக்கும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போனான். அடுப்பை இடித்துக் கொடுத்தான். அப்பளத்தை அள்ளினான். கையால் மறித்து மறித்துச் சாப்பிட்டான், அவள் போட்டுக்கொண்டேதான் இருந்தாள். பாகீரதி உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் அவன் கண் தவலைப் பக்கம் போகும். அதைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் வகுப்பில் யாராவது ஒரு பையன், சார், அந்த நூற்று முப்பது ரூபாய் என்ன ஆயிற்று என்று கேட்பான். கேட்காத வருஷமே இல்லை. போஸ்டாபீசில் போட்டது அப்படியே இருக்கிறது, எடுக்க மனசு வரவில்லை, சைக்கிளும் வாங்கவில்லை என்பான் சேஷகிரி. பிறகு துணியை எடுத்துக் கரும்பலகையில் இருக்கிற நாற்பது ரூபாயைத் துடைப்பான். சாப்பாட்டுக்கென்று வந்த பணத்தைச் சாப்பாட்டிலேயே செலவழியுங்கள், அதற்கப்புறம் மிஞ்சுவதுதான் மிச்சம் என்பான். “முதல் செலவு ஒரு போஸ்ட்கார்டு. இன்னிக்கு ராத்திரியே அப்பாவுக்கு எழுதிப் போட்டுடுங்கோ. என்ன எழுதறதுன்னு தெரியலைன்னா, இன்னும் அஞ்சு ரூபா அனுப்புன்னு எழுதுங்கோ. சந்தோஷப்படுவார்.” மணி அடிக்கும். பையன்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள்.

வகுப்பில் அவன் சொல்லாதது ஒன்றுதான்: சேஷகிரியின் அப்பா வெங்கடசுப்ரமணியன், சேஷகிரிக்கு ஒன்பது வயதாகும்போது, ஒரு தை மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமியன்று, தங்கவயலில் பாறை சரிந்து இறந்துபோனார்.